வாடிக்கையாளரை வெச்சுக்கறதா, விடுறதா? கோபத்தைக் கேட்காதீங்க, நோட்டைக் கேளுங்க



சின்னத் தொழில் பண்றவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி, "விற்பனையை எப்படிக் கூட்டுறது?" ஆனா யாருமே கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு: "யாருக்கு விற்கிறதை நிறுத்தணும்?" இன்னைக்குப் பாடம் இந்த ரெண்டாவது கேள்வியைப் பத்தித்தான்.

எங்க வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இடைசெவல் தெரியுமா? கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போற வழியில இருக்கிற ஊர். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமின்னு சாகித்ய அகாதெமி விருது பெற்ற ரெண்டு எழுத்தாளர்கள் பிறந்த ஊர். சுத்திலும் கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. அங்கே எங்க சித்தி சின்னதா ஒரு கடலை மிட்டாய்ப் பட்டறை நடத்துறாங்க. வீட்டுக்குப் பின்னால ரெண்டு அடுப்பு, அஞ்சு ஆள். அவ்வளவுதான் தொழிற்சாலை!

ஒரு வருஷம் தீபாவளிக்கு முன்னாடி ஊருக்குப் போயிருந்தேன். சித்தி கழுத்துல சங்கிலி இல்ல. "எங்க சித்தி?"ன்னு கேட்டா, "பேங்க்ல இருக்குய்யா"ன்னு சிரிச்சாங்க. "யாவாரம் நல்லாத்தான் போகுது. ஒரே ஆளு மாசம் நானூறு கிலோ எடுக்காரு. கடலை வாங்கத்தான் காசு பத்தல."

யாவாரம் நல்லாப் போகுது, கடலை வாங்கக் காசு இல்ல. இந்த ரெண்டு வாக்கியமும் ஒண்ணா வந்தா, எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். அன்னைக்கு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

அந்த நானூறு கிலோ கணக்கு

புரியறதுக்காக எண்களை முழுசாக்கி எழுதுறேன். நீங்களும் ஒரு பேனா எடுத்துக்கோங்க.

கடலை, வெல்லம், விறகு, கூலி, பாக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குச் செலவு 160 ரூபா. மத்த கடைகளுக்கு விலை 200 ரூபா. இந்த "பெரிய ஆளு" வெளியூர்ல மூணு கடை வெச்சிருக்கிறவர். நிறைய எடுக்கிறார்னு அவருக்கு மட்டும் 180 ரூபா. ஆக, கிலோவுக்கு 20 ரூபா லாபம். 400 கிலோவுக்கு மாசம் 8,000 ரூபா. சித்தி மனசுல இருந்த கணக்கு இதுதான்.

இப்ப நோட்டுல இருந்த கணக்கைப் பாருங்க.

1. வட்டி: 30 நாள் தவணைன்னு பேச்சு. பணம் வர்றது 90 நாள் கழிச்சு. அப்படின்னா எப்பவும் மூணு மாசச் சரக்கு அவர்கிட்ட நிக்குது. அதுல சித்தி கைக்காசு 1,92,000 ரூபா. நகைக்கடன் நூத்துக்கு ஒரு ரூபா வட்டின்னு வெச்சாலும் மாசம் 1,920.

2. ரிட்டர்ன்: "உடைஞ்சிருக்கு", "பிசுபிசுன்னு இருக்கு"ன்னு மாசம் 20 கிலோ திரும்பி வருது. அதுக்குக் காசு கிடையாது. 3,600.

3. வண்டி வாடகை: மத்தவங்க வந்து எடுத்துட்டுப் போறாங்க. இவருக்கு நாமதான் அனுப்பணும். 1,200.

4. பிடித்தம்: பணம் தரும்போது "டிஸ்கவுண்ட்"னு ரெண்டு சதவீதம் தானாவே கழிச்சுக்கிறார். 1,440.

5. வசூல்: மாசம் ஒரு தடவை நேர்ல போனாத்தான் பணம். பஸ், சாப்பாடு 600.

மொத்தம் 8,760 ரூபா. லாபம் 8,000. ஆக, மாசாமாசம் 760 ரூபா கையிலிருந்து போட்டு அவருக்கு மிட்டாய் செஞ்சு கொடுத்துட்டிருந்தாங்க. வசூலுக்குப் போற நாள்ல சித்தியோட வேலை கெடுறதை நான் கணக்குல சேர்க்கவே இல்ல.

சித்தி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க: "அவரு ஒருநாளும் சத்தம் போட்டதே இல்லய்யா. ரொம்ப மரியாதையான மனுசன்."

இதுதான் இந்தப் பாடத்தோட மையம். கஷ்டமான வாடிக்கையாளர்னா சத்தம் போடுறவர்னு நாம நினைக்கிறோம். பணத்தைத் தின்கிறவர் பெரும்பாலும் சத்தமே போடுறதில்ல.

இங்கே ஒரு எச்சரிக்கை

கணக்குல பட்டறை வாடகை, கரண்ட் பில் ரெண்டையும் நான் சேர்க்கல. கவனிச்சீங்களா? வேணும்னேதான் விட்டேன். ஒருத்தரை விடலாமான்னு பார்க்கும்போது, அவர் போனா எந்தச் செலவு கூடவே போகுமோ அதை மட்டும் எழுதணும். அவர் போனாலும் வாடகை போகாது. அதையும் அவர் தலையில ஏத்தினா, நல்ல வாடிக்கையாளர்கூட நஷ்டம் மாதிரித் தெரிவார். தப்பா விட்டுட்டு அப்புறம் வருத்தப்படுவீங்க.

யாரை விடக் கூடாது?

இதை முதல்ல சொல்லிடுறேன். ஏன்னா நிறைய பேர் இங்கேதான் தப்புப் பண்றாங்க.

சித்திகிட்ட ஒரு பாட்டி வருவாங்க. பெட்டிக்கடை வெச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டைக் கடிச்சுப் பார்த்துட்டு, "பாகு முத்திப்போச்சு", "கடலை காறுது"ன்னு ஒரு பாட்டு. ஆளுங்களுக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது. ஆனா காசு கையோட கொடுத்துட்டுப் போவாங்க. ஒரு தடவை அவங்க "காறுது"ன்னு சொன்ன மூட்டையைப் பிரிச்சா, நிஜமாவே பழைய கடலை கலந்திருந்துச்சு. அந்தப் பாட்டி சம்பளம் வாங்காத தரப் பரிசோதகர்! அவங்களை விடவே கூடாது.

இன்னொருத்தர் பக்கத்து ஊர் மளிகைக்கடைக்காரர். புரட்டாசி, ஐப்பசியில வாங்கின சரக்குக்குத் தை, மாசியிலதான் முழுப் பணம் தருவார். ஏன்? அவர்கிட்ட வாங்குறவங்க எல்லாம் மானாவாரி விவசாயிங்க. ஐப்பசி மழையை நம்பி விதைச்சு, தை, மாசியில பருத்தியோ உளுந்தோ மக்காச்சோளமோ வீடு வந்தாத்தான் அவங்க கையில காசு. அந்தக் காசு கடைக்கு வந்து, அப்புறம் நமக்கு வரும். தாமதம்தான், ஆனா எப்ப வரும்னு தெரியும். சொன்ன மாசத்துல வந்துடும். அந்த வட்டியை விலையில சேர்த்துக்கிட்டா அவர் நல்ல வாடிக்கையாளர்தான்.

கஷ்டத்துல இருக்கிறவர் வேற, கஷ்டம் கொடுக்கிறவர் வேற. முதல் ஆளுக்குத் தவணை கொடுங்க. ரெண்டாவது ஆளுக்குக் கதவைக் காட்டுங்க.

இன்னொரு விஷயம், இதை அழுத்தியே சொல்றேன். யாருக்கு விற்கிறது, யாருக்கு மறுக்கிறதுன்னு முடிவு பண்ணும்போது சாதி, மதம், ஆணா பெண்ணா, எந்த ஊர் ஆளுங்கிறது குறுக்கே வரவே கூடாது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவே கடைக்குள்ள வர்றதுக்கு இந்தக் காரணங்களால யாரையும் தடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. தீண்டாமையை வெச்சு சரக்கு விற்க மறுத்தா 1955-ம் வருஷச் சட்டப்படி அது குற்றம். ஆளைப் பார்க்காதீங்க, அவர் பில்லு எப்படி வருதுன்னு பாருங்க.

முன்னாடியே கண்டுபிடிக்க ஆறு அறிகுறிகள்

ஒரு அறிகுறி மட்டும் இருந்தா யாரையும் சந்தேகப்பட வேண்டாம். மூணு சேர்ந்தா உஷார் ஆயிடுங்க.

ஒண்ணு: முதல் சந்திப்பிலேயே பழைய சரக்குக்காரரைத் திட்டுவார். "அவன் ஏமாத்திட்டான், இவன் சரியில்ல." அடுத்த வருஷம் அந்தப் பட்டியல்ல உங்க பேரும் இருக்கும்.

ரெண்டு: பேசி முடிச்ச விலையை, சரக்கு இறங்கின பிறகு மறுபடியும் பேசுவார். வண்டி திரும்பி வர்ற செலவு நமக்குன்னு அவருக்குத் தெரியும்.

மூணு: எதையும் எழுத்துல தர மாட்டார். வாட்ஸ்அப்ல ஆர்டர் போடுங்கன்னா, "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?"ம்பார்.

நாலு: பில் வேண்டாம்பார், இல்ல பாதிக்கு மட்டும் கேட்பார். நாளைக்குப் பாக்கி நின்னா உங்க கையில ஆதாரம் இருக்காது. வரிக் கணக்குலயும் மாட்டுறது நீங்கதான்.

அஞ்சு: சின்னச் சின்ன ஆர்டருக்கு மூணு நாலு தடவை டாண்ணு பணம் கொடுப்பார். தீபாவளி வந்ததும் திடீர்னு பத்து மடங்கு சரக்கு, அதுவும் கடனுக்கு. பாதிப் பேர் விழுறது இந்தக் குழியிலதான்.

ஆறு: குறை சொல்ற தேதியைக் கவனிங்க. சரக்கு இறங்கின அன்னைக்கே குறை வந்தா, அது சரக்கோட குறை. பணம் தர வேண்டிய தேதிக்கு முந்தின நாள் வந்தா, அது பணத்தோட குறை.

இதைப் பிடிக்க ஒரு நோட்டுல அஞ்சு கட்டம் போதும்: பில் தேதி, பணம் வர வேண்டிய தேதி, வந்த தேதி, எவ்வளவு கழிச்சாங்க, என்ன குறை எப்ப சொன்னாங்க. மூணு மாசம் எழுதுங்க. ஆளுங்க தானா பிரிஞ்சு தெரிவாங்க.

விடுறதுக்கு முன்னாடி மூணு படி

எடுத்த எடுப்பில கதவைச் சாத்தாதீங்க. முதல்ல அவரை நல்ல வாடிக்கையாளரா மாத்த முடியுமான்னு பாருங்க.

முதல் படி, எழுத்து. விலை, தவணை நாள், ரிட்டர்ன் எத்தனை நாளுக்குள்ள, வண்டி வாடகை யாருது, இந்த நாலையும் பில்லிலேயே அச்சடிச்சிடுங்க. வாயால சொன்னா "அப்படிச் சொன்னீங்களா?"ன்னு கேட்கலாம். பில்லில இருந்தா கேட்க முடியாது.

ரெண்டாவது படி, வரம்பு. "முந்தின பில் பணம் வந்தா அடுத்த சரக்கு கிளம்பும்." இந்த ஒரே வரி பாதிப் பிரச்சினையை முடிச்சிடும். ஒருத்தர்கிட்ட அதிகபட்சம் எவ்வளவு நிக்கலாம்னு நீங்களே ஒரு தொகை வெச்சுக்கோங்க. அது முழுசா போனாலும் தொழில் படுக்காத அளவா இருக்கணும்.

மூணாவது படி, விலை. இதுக்கு நம்ம பக்கத்து உதாரணமே இருக்கு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் செய்யற தீப்பெட்டி பல வருஷமா ஒரு ரூபாதான். குச்சி, மெழுகு, அட்டை, மருந்துச் சாமான் எல்லாம் ஏறியும் விலை ஏறல. தனியா ஏத்தினா வியாபாரி அடுத்த பட்டறைக்குப் போயிடுவார்ங்கிற பயம். கடைசியில உற்பத்தியாளர் சங்கங்கள் சேர்ந்து பேசி, 14 வருஷம் கழிச்சு 2021 டிசம்பர் 1 முதல் ரெண்டு ரூபாய்க்கு ஏத்துனாங்க. வாடிக்கையாளர் போயிடுவார்ங்கிற பயத்துக்காக நாம எவ்வளவு வருஷம் கையைக் கடிச்சுக்கிறோம், பாருங்க. தொந்தரவு கொடுக்கிறவருக்கு அந்தத் தொந்தரவோட செலவையும் சேர்த்து விலை சொல்லுங்க. சம்மதிச்சா நல்லது. சம்மதிக்கலைன்னா அவரே போயிடுவார், உங்களுக்குக் கெட்ட பேர் இல்ல.

எப்படிச் சொல்றது?

நம்ம ஊர்ல முகத்துக்கு நேரா "இல்ல"ன்னு சொல்லக் கூச்சம். அதனால காரணம் சொல்லிச் சொல்லி மாட்டிக்கிறோம். "கடலை வரல அண்ணாச்சி"ன்னு சொன்னா, "வந்ததும் அனுப்புங்க"ம்பார். பொய்க் காரணம் சொன்னா அதுக்குப் பதில் இருக்கும். கணக்கைச் சொன்னா பதில் இருக்காது.

சித்தி போன்ல பேசினது இதுதான்: "அண்ணாச்சி, இத்தனை வருசம் எங்க சரக்கை எடுத்தீங்க, ரொம்ப சந்தோசம். சின்னப் பட்டறை, இனிமே கடனுக்குச் சரக்கு அனுப்ப எனக்குத் தாங்காது. பழைய பாக்கி தீர்ந்ததும், காசு போட்டீங்கன்னா அன்னைக்கே சரக்கு கிளம்பும்."

திட்டல, பழசைக் கிளறல, கதவையும் முழுசாச் சாத்தல. மறுமுனையில அவர் சிரிச்சாராம். "உங்க சரக்கு இல்லாட்டி எங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா"ன்னாராம். "சரிங்கண்ணாச்சி"ன்னு வெச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்களுக்குத் தூக்கம் வரல. அதையும் சொல்லணும் இல்லையா?

பாக்கியை வாங்குறது

விலகுறதுக்கு முன்னாடி, மொத்தப் பாக்கி இவ்வளவுன்னு ஒரு தாள்ல அவர் கையெழுத்தை வாங்கிடுங்க. வித்த சரக்குக்குப் பணம் கேட்டு வழக்குப் போட மூணு வருஷம்தான் கெடு. அந்தக் கெடுவுக்குள்ள கடனை ஒத்துக்கிட்டு அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, அன்னையிலிருந்து மூணு வருஷம் புதுசா ஆரம்பிக்கும்.

செக் வாங்கியிருந்து அது திரும்பிட்டா, பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் கிடைச்ச 15 நாளுக்குள்ள அவர் பணம் தரணும். தரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்ல புகார் கொடுக்கணும். ஒரு கெடு தவறினாலும் சிக்கல், அதனால உடனே வக்கீலைப் பாருங்க.

அடுத்தது முக்கியம். நீங்க உற்பத்தியோ சேவையோ பண்ற குறு, சிறு தொழில்னா 'உத்யம்' பதிவு செஞ்சுக்கோங்க. ஆன்லைன்ல இலவசம்தான். 2006-ம் வருஷ எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ள உங்களுக்குப் பணம் வந்தாகணும். ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தவறினா ரிசர்வ் பேங்க்கோட 'பேங்க் ரேட்' மாதிரி மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. பணம் வரலைன்னா இதுக்குன்னே இருக்கிற வசதியாக்க மன்றத்துல ஆன்லைன்லேயே மனு போடலாம். விவரம் உங்க மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க. இதோட, 2024 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு தொழிலுக்குக் கெடு தாண்டிப் பணம் கொடுத்தா, வாங்குறவர் அந்தச் செலவை எந்த வருஷம் பணம் கொடுத்தாரோ அந்த வருஷம்தான் வரிக் கணக்குல காட்ட முடியும். ஆடிட்டர் வெச்சிருக்கிற கடைக்காரருக்கு இது நல்லாவே புரியும். ஆனா வாங்கி விற்கிற கடைக்காரர்களுக்கு, உத்யம் பதிவு இருந்தாலும் இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடையாது. பதிவும் சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே இருக்கணும். அப்பத்தான் பின்னால வம்பு வராது.

சித்திகிட்ட அப்ப இந்தப் பதிவு இல்ல, கையெழுத்துத் தாளும் இல்ல. 2,16,000 ரூபா பாக்கியில, அஞ்சு தவணையா 1,90,000 வந்துச்சு. மீதி 26,000 வரவே இல்ல. அது நாங்க படிப்புக்குக் கட்டின ஃபீஸ். நீங்க கட்ட வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

அப்புறம் என்ன ஆச்சு?

இனிப்பா மட்டும் சொல்ல மாட்டேன். முதல் ரெண்டு மாசம் அடுப்பு பாதி நேரம் அணைஞ்சிருந்துச்சு. வாரம் ஆறு நாள் வேலை நாலு நாளா ஆச்சு. அஞ்சு பேர் கூலியும் குறைஞ்சுது. அதுல ஒரு அக்கா, "எங்க வயித்துல அடிச்சுட்டீங்களே"ன்னு நேராவே கேட்டாங்க. அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. நாங்க பண்ணின தப்பு அது. ஓட்டையை அடைக்கிறதுக்கு முன்னாடி, போற சரக்குக்கு வேற இடம் பார்த்து வெச்சிருக்கணும். அவருக்கு 400-ஐ 300 ஆக்கி, 200 ஆக்கி, அந்த அளவுக்கு வெளியில ஆள் பிடிச்சிருந்தா யார் கூலியும் குறைஞ்சிருக்காது. ஒரே ஆள்கிட்ட விற்பனையில கால் பங்குக்கு மேல நிக்க விடாதீங்கன்னு நான் எப்பவும் சொல்றது இதனாலதான்.

அப்புறம் மெதுவா ஆட்கள் வந்தாங்க. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கக் கடைங்க, கழுகுமலைத் திருவிழாக் கடைங்க, ஒரு காலேஜ் கேன்டீன். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரல்ல புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு, இந்தப் பக்கத்து மிட்டாயைப் பேர் சொல்லிக் கேட்கிறவங்களும் இருக்காங்க. ஆறு மாசத்துல 250 கிலோ புதுசாப் போச்சு. நானூறு இல்ல, வெறும் இருநூத்தம்பதுதான். ஆனா 200 ரூபா விலை, கைக்குக் கை காசு. வண்டிச் செலவு 500 போக மாசம் 9,500 மிச்சம். முன்னாடி அதைவிட அதிகச் சரக்குக்கு 760 நஷ்டம். விற்பனை குறைஞ்சு, லாபம் கூடுச்சு. ஆளுங்களுக்கு வாரம் அஞ்சு நாள் வேலையும், கிலோவுக்கு ரெண்டு ரூபா கூலி உயர்வும் கொடுக்க முடிஞ்சுது.

மாசியில சங்கிலி வீட்டுக்கு வந்துச்சு.

உங்களுக்கு வீட்டுப்பாடம்

இன்னைக்கு ராத்திரி கடை சாத்தினதும், உங்ககிட்ட அதிகமா வாங்குற அஞ்சு பேரை ஒரு தாள்ல எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் லாபம் எவ்வளவு, அதிலிருந்து வட்டி, ரிட்டர்ன், வண்டி, பிடித்தம், வசூல் இந்த அஞ்சையும் கழிங்க. மேல இருக்கிற பேர் கீழே போகும், கீழே இருக்கிற பேர் மேல வரும். அநேகமா அந்தக் கடிச்சுப் பார்க்கிற பாட்டி மாதிரி ஒருத்தர் முதல் இடத்துல வந்து நிற்பார். அடுத்த தடவை அவங்க வரும்போது ஒரு துண்டு மிட்டாய் கூடவே கொடுங்க.

கடைசியில இருக்கிற பேருக்கு நாளைக்கே போன் பண்ணாதீங்க. முதல்ல பாக்கித் தாள்ல கையெழுத்து, அப்புறம் மாற்று ஆள், அதுக்கப்புறம்தான் போன். இந்த வரிசை மாறவே கூடாது.

அடுத்த பாடத்துல சந்திப்போம்.